மூக்கோரத்து வெள்ளைப் பிளாஸ்டர்

நவம்பர் 3, திங்கள்

ரெக்கார்டு நோட்டு மொத்தம் ஒன்பது இருக்கு. ஒன்பதுலயும் நான் எழுதுறது பாதி புளுகு. துடைச்சு விடாத உடம்பைத் துடைச்சதா எழுதணும், எண்ணாத மூச்சை எண்ணினதா எழுதணும். எங்க வார்டுல நாற்பது பேர் படுத்திருக்காங்க. நாற்பது பேரும் நிமிஷத்துக்குச் சரியா இருபது தடவை மூச்சு விடுறாங்க, அப்படி ஒரு ஒத்துமை. அதனால இந்தப் பத்தாவது நோட்டை எனக்குன்னு வாங்கியிருக்கேன். இதுலயாவது உள்ளதை உள்ளபடி எழுதணும்.

பேரு இசக்கிரூபா, நர்சிங் ரெண்டாம் வருஷம். இன்னைலேருந்து பெரியாஸ்பத்திரியில ஆண்கள் மெடிக்கல் வார்டு, நாலு வாரம். 28ஆம் தேதி ஒரு நோயாளியைப் பத்தி கேஸ் ஸ்டடி வாசிக்கணும். "செரிமானம் இல்லன்னா சுவாசம். நோய் எப்படி வந்துச்சு, உள்ள என்ன நடக்குன்னு படம் போட்டு விளக்கணும். காப்பியடிச்சா நோட்டைக் கிழிச்சிருவேன்"னு தேவநேசம் மேடம் சொல்லிட்டாங்க. கிழிக்கிற ஆளுதான். போன வருஷம் ரெண்டு பேரு நோட்டு போச்சு.

என் ரூம்மேட் மெர்சிலின் வார்டுக்குள்ள நுழைஞ்ச அஞ்சாவது நிமிஷம் ஒரு மஞ்சக்காமாலைக்காரரைப் பிடிச்சிட்டா. பஸ்ஸுல கர்ச்சீப் போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி.

நவம்பர் 4, செவ்வாய்

எனக்கு வாய்ச்சது பதினொண்ணாம் பெட். தவசிக்கனி, வயசு 54. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் போடுறவர். பன்னிரண்டு நாளைக்கு முந்தி ஒரு சடங்கு வீட்டுல டீ குடிச்சிட்டு இருக்கும்போது கிளாஸ் கையிலேருந்து நழுவியிருக்கு. குனிஞ்சு எடுக்கப் போனவர் எந்திரிக்கல. பக்கவாதம். வலது கையும் காலும் வரல, பேச்சு போச்சு, முழுங்கவும் முடியல. மூக்கு வழியா இரைப்பை வரைக்கும் குழாய் போட்டிருக்கு. கஞ்சி, பால், பொடிச்ச மாத்திரை எல்லாம் அது வழியாத்தான்.

மெர்சிலின், "ஏட்டி, இது நரம்பு கேஸுலா. மேடம் நரம்பா கேட்டாவ?"ன்னா. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. மேடம்ட்ட போய்க் கேட்டேன். அவங்க வந்து அவரைப் பார்த்துட்டு, "சோறு போற வழியும் மூச்சு போற வழியும் தொண்டையிலதான் குறுக்க வெட்டிக்குது. நமக்கு அங்க ஒரு மூடி இருக்கு. முழுங்கும்போது மூச்சுக்குழாயை அடைச்சிரும். இவருக்கு அது வேலை செய்யல. ரெண்டு மண்டலமும் ஒரே கட்டில்ல இருக்கு. எடுத்துக்கோ"ன்னாங்க.

சந்தோஷமா இருந்துச்சு. ஒரு மனுஷன் எச்சியைக்கூட முழுங்க முடியாம கிடக்காரு, நான் கேஸ் கிடைச்சதுன்னு மெஸ்ஸுல ரெண்டு தோசை கூட சாப்பிட்டேன்.

நவம்பர் 5, புதன்

அவர் வீட்டம்மா பொன்னுத்தாய். நாற்பத்தெட்டு வயசு, பிள்ளை கிடையாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல பாயை விரிச்சு அங்கயே குடித்தனம்.

இங்க குழாயில பால் ஊத்துறது வீட்டு ஆளுங்க வேலை. நாற்பது பேருக்கு ரெண்டு ஸ்டாஃப் நர்ஸ், அவங்களால முடியாது. சொல்லிக் குடுக்கிறது எங்க வேலை, அதுக்கு ரெக்கார்டுல தனிப் பக்கமே இருக்கு. சொல்லிக் குடுத்தேன். கட்டில் தலைமாட்டை உயர்த்தி, சாய்ஞ்சு உட்கார்ந்த மாதிரி வைக்கணும். மூக்கோரத்துல குழாயைச் சுத்தி நான் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பிளாஸ்டர் மூக்கைத் தொட்டுக்கிட்டு இருக்கான்னு பார்க்கணும். வெறும் சிரிஞ்சால உறிஞ்சணும், வயித்துத் தண்ணி வந்தா குழாய் சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். அப்புறம் மெதுவா ஊத்தி, அரை மணி நேரம் தலையைத் தாழ்த்தாம வைக்கணும். சாயங்காலம் எங்க சீனியர் சொல்றாங்க, நீ குடுத்த லெக்சர் டாக்டருக்கே வராதுன்னு.

பொன்னுத்தாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனசுல நிக்கணும்னு அவங்களா ஒரு வழி வச்சிருக்காங்க. சிரிஞ்சை மைக் மாதிரி வாய்கிட்ட பிடிச்சு, "அலோ, அலோ. கட்டில் உசந்தாச்சு. பிளாஸ்டர் மூக்கத் தொட்டாச்சு. தண்ணி வந்தாச்சு. விழாக் கமிட்டியார் பால் ஊத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்"னு சொல்றாங்க. அவருக்குப் பாதி வாய் சிரிக்குது. பக்கத்துக் கட்டில்காரரு அடுத்த வேளை பால் எப்பன்னு இதுக்காகவே காத்திருக்காரு.

நவம்பர் 8, சனி

ஊத்துற நேரத்துல பொன்னுத்தாயம்மா ஓடி வந்தாங்க. "சிஸ்டரு, உறிஞ்சுதேன், ஒண்ணும் வரமாட்டேங்கு. ஊத்தலாமா?"

போய்ப் பார்த்தேன். கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு மறுபடி இழுத்ததும் வந்துருச்சு. வரலைன்னா ஊத்தாம என்னைக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தேன், அப்படியே செஞ்சிருக்காங்க. "அந்தம்மா உன்னைய விட நல்ல நர்ஸு"ன்னா மெர்சிலின்.

நவம்பர் 10, திங்கள்

கேஸ் ஸ்டடி அட்டவணை முழுக்க எழுதி முடிச்சாச்சு. பிரச்சினை, குறிக்கோள், செய்தது, கடைசிக் கட்டத்துல பலன். பலன்கிற இடத்துல எல்லாரும் முன்கூட்டியே 'குறிக்கோள் ஓரளவு நிறைவேறியது'ன்னு எழுதிருவோம். முழுசா நிறைவேறியதுன்னு எழுதினா மேடம் கேள்வி கேப்பாங்க, நிறைவேறலைன்னு எழுதினா அதுக்கும் கேப்பாங்க. ஓரளவுன்னா யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல.

நவம்பர் 12, புதன்

காலையில பதினொண்ணாம் பெட்டுக்கு உடம்பு துடைச்சு விட்டேன். மூக்குப் பிளாஸ்டர் வியர்வையில விட்டுப் போயிருந்துச்சு. குழாய் கொஞ்சம் வெளிய வந்திருந்துச்சு, சரி பண்ணி வேற பிளாஸ்டர் போட்டேன். மேடம் ரவுண்ட்ஸ். ஒன்பது நோட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சு. மெஸ்ஸுல புளிக்குழம்பு.

நவம்பர் 13, வியாழன்

நேத்து நாங்க டூட்டி முடிச்சுப் போன பிறகு, ரெண்டரை மணிக்கு, அவருக்கு மூச்சுத் திணறியிருக்கு. உதடு நீலமாயிருச்சாம். டூட்டி டாக்டர் ஓடி வந்து முதல் வேலையா குழாயை உருவிப் போட்டுட்டாரு. நுனி எங்க இருந்துச்சுன்னு யாரும் பார்க்கல. அப்புறம் மூச்சுக்குழாயிலேருந்து உறிஞ்சி எடுத்ததுல பால் வந்திருக்கு. ஊத்தினது ராகி கலந்த பாலு, அதே மணமா இருந்துச்சுன்னு ஸ்டாஃப் சிஸ்டர் சொன்னாங்க.

எக்ஸ்ரேயில வலது நுரையீரல் அடிப்பக்கம் வெள்ளையா இருக்கு. காய்ச்சல் 103. மூச்சு எண்ணினேன். வாட்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். நாற்பத்திரண்டு.

டாக்டர் பொன்னுத்தாயம்மாட்ட எல்லார் முன்னாலயும் கேட்டாரு.

"ஊத்திட்டு எவ்வளவு நேரம் உயர்த்தி வச்சிருந்தே?"

"கழுத்து ஒரு பக்கமா சரிஞ்சிச்சு சார். வலிக்குமேன்னு பத்து நிமிசத்துல தாத்திட்டேன்."

"பத்து நிமிஷம். அரை மணி நேரம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாவ சார். இந்தப் பிள்ளை நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு."

டாக்டர் கேஸ் ஷீட்டுல எழுதினாரு. நான் ஆக்சிஜன் ட்யூபைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். அது சரியாத்தான் இருந்துச்சு.

நவம்பர் 14, வெள்ளி

மூச்சு 44. நெஞ்சுல ஸ்டெத் வச்சா வலது பக்கம் கீழ கொரகொரன்னு சத்தம். முதல்ல பாலும் வயித்து அமிலமும் நுரையீரலைப் புண்ணாக்கும், பிறகு புண்ணுல கிருமி ஏறும், காத்து இருக்க வேண்டிய சின்னச் சின்னப் பைகள்ல நீர் நிறையும். காத்து வந்தாலும் ரத்தத்துல சேர வழி இல்ல. படம் நல்லா வந்திருக்கு. சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துபோச்சு, மெர்சிலின்ட்ட வாங்கினேன்.

பொன்னுத்தாயம்மா என் படத்தைப் பார்த்துட்டு, "வயித்துக்குப் போன பாலு நெஞ்சுக்குள்ள எப்பிடி சிஸ்டரு போச்சு?"ன்னு கேட்டாங்க.

படத்துல காட்டினேன். தலையைத் தாழ்த்தினா வயித்துல இருக்கிறது மேல ஏறி வரும், தொண்டையில மூடி வேலை செய்யலைன்னா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும், வலது பக்கக் கிளை அகலமா நேரா இருக்கும், அதனால அங்கதான் போகும்.

என் விரல் போன வழியிலேயே அவங்க விரலையும் வச்சுப் பார்த்தாங்க. "அப்ப நான் தாத்துனதுதான்"னாங்க.

நான் பொய் சொல்லல. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

நவம்பர் 15, சனி

காலை பத்தே காலுக்குப் போயிட்டாரு.

அவரோட அக்கா சந்திரவடிவு ஊர்லேருந்து வந்து சேர்ந்தப்போ பத்தரை. வந்ததும் அழல. யார் யார்ட்டயோ விசாரிச்சாங்க. அப்புறம் பொன்னுத்தாயம்மா முடியைப் பிடிச்சு, "முழுசா வந்தவனப் பால ஊத்திக் கொன்னுட்டியேட்டி"ன்னாங்க. பொன்னுத்தாயம்மா தலையைக் குடுத்துக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. மெர்சிலின்தான் போய் விலக்கி விட்டா. நான் ஆக்சிஜன் ட்யூபைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

மெர்சிலின் என் நோட்டைப் புரட்டிட்டு, "ஏட்டி, ஆளு செத்துப் போயிட்டாரு, நீ ஓரளவு நிறைவேறியதுன்னு வச்சிருக்க. மாத்து"ன்னா. பக்கத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதினேன்.

மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. செரிமானத்துல ஆரம்பிச்சு சுவாசத்துல முடியுது, காரணம் தெளிவா இருக்கு, இப்பதான் கேஸ் முழுமையா இருக்குன்னாங்க. காரணம்கிற இடத்துல, 'உறவினர் முறை தவறி உணவு செலுத்தியது'ன்னு எழுதியிருக்கேன். கேஸ் ஷீட்டுல உள்ளதுதான்.

நவம்பர் 20, வியாழன்

12ஆம் தேதி, குழாய் கொஞ்சம் வெளிய வந்திருந்துச்சுன்னு எழுதியிருந்தேன். ஒரு சாண் இருக்கும்.

பொன்னுத்தாயம்மா துணி அலசப் போயிருந்தாங்க. துடைச்சு விடும்போது குழாய் என் கையோட வந்துருச்சு. மேடம் ரவுண்ட்ஸ் வர்ற நேரம், வார்டு வாசல்ல அவங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பிளாஸ்டர் மூக்கைத் தொடுற வரைக்கும் உள்ள தள்ளிட்டு ஒட்டிட்டேன். சிரிஞ்சால உறிஞ்சிப் பார்க்கணும், காத்து ஊதி வயித்துல ஸ்டெத் வச்சுக் கேக்கணும். ஸ்டெத் என் கழுத்துலதான் கிடந்துச்சு.

அவர் இருமல. இருமினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிருச்சுன்னு தெரியும். இருமலையே, அப்ப சரியாத்தான் போயிருக்கும்னு நினைச்சேன். பக்கவாதத்துல தொண்டை மரத்துப்போய் இருமத் தெரியாததுதானே அவரோட வியாதி. அதைப் படம் போட்டு அம்பு குறியெல்லாம் போட்டு வச்சிருக்கேன்.

ஆனா அவங்க தாழ்த்தினதும் உண்மைதான். எதனால ஆச்சுன்னு யாரால சொல்ல முடியும்.

நவம்பர் 26, புதன்

இறப்பு ரிப்போர்ட் வாங்க பொன்னுத்தாயம்மா வந்திருந்தாங்க. பாதியா இளைச்சிட்டாங்க. சாப்பிட்டியளான்னு கேட்டதுக்கு, "சாவுக்குத் துட்டி கேக்க வாரவ எல்லார்ட்டயும் எங்க மைனி, அவுக அக்கா, அதத்தான் சொல்லுதாவ. நான் உக்காந்திருக்கும்போதே சொல்லுதாவ. பெறகு எப்பிடி எறங்கும்?"னாங்க.

ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள் விசேஷம். அது முடிஞ்சதும் வீட்டை விட்டுப் போயிரணுமாம். அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் செத்து ஏழு வருஷம் ஆச்சு, அங்க இருக்கிறது அண்ணன் பொண்டாட்டியும் அவ பிள்ளைங்களும்தான்.

"ஏம்மா போணும்? உங்க வீடுதானே?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க இருக்கச் சொல்லுத தாயி. அவுகளக் கொன்னுட்டு அவுக வீட்லயே இருக்கவா."

பேப்பர் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். சொல்லணும்னுதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்.

நவம்பர் 28, வெள்ளி

கேஸ் ஸ்டடி வாசிச்சேன். அந்த வரியையும் வாசிச்சேன், குரல்கூட மாறல. கை தட்டினாங்க. இருபத்தஞ்சுக்கு இருபத்திரண்டு.

நவம்பர் 30, ஞாயிறு

பதினாறாம் நாள் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். பஸ்ஸுல ஒண்ணே முக்கால் மணி நேரம்.

வீட்டு முன்னால பந்தல், முப்பது நாற்பது பேர் இருந்தாங்க. மைக் செட் எதுவும் போடல. ஒரு ஓரமா ஒலிபெருக்கிக் குழாய்களை அடுக்கி சாக்கு போட்டு மூடியிருந்துச்சு. சந்திரவடிவம்மா, அவங்க வீட்டுக்காரரு, பொன்னுத்தாயம்மா மூணு பேரையும் உள்ள கூப்பிட்டுச் சொன்னேன். குழாய் வெளிய வந்திருந்துச்சு, நான் சோதிச்சுப் பார்க்காம உள்ள தள்ளிட்டேன், அது நுரையீரலுக்குப் போயிருக்கும், அம்மா மேல தப்பு இல்லைன்னு.

சந்திரவடிவம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "நீ அந்த ஆஸ்பத்திரியில இவகூடயே சுத்துன பிள்ளதானே? இவ வந்து அழுதாளாக்கும். செஞ்சவ எவளாவது பஸ் ஏறி வந்து நான்தான் செஞ்சேன்னு நிப்பாளா?"

"நெசமாத்தான்மா சொல்லுதேன்."

"வாயால யாரு வேணும்னாலும் சொல்லலாம். அப்பிடின்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா, பாப்பம்."

சரி, அவங்க நம்பல. பொன்னுத்தாயம்மாவாவது நம்புவாங்கன்னு பார்த்தேன். அவங்க என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "எனக்காவ இவ்ளோ தூரம் வந்து பொய் சொல்லுதியே தாயி. பெத்த பிள்ளகூட செய்யாது. நீ நல்லா இருப்ப. நான் தாத்துனது எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு சொல்லியும் கேக்கல. சாப்பிடாம அனுப்ப மாட்டேன்னு இலை போட்டு அவங்களே பரிமாறினாங்க. வடை, பாயசம் எல்லாம். இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு ஊத்தினாங்க. நான் சாப்பிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மேடம்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னாங்க. "வாயால சொன்னதோட போகட்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளிய குடுத்தியோ, போலீஸ் வரைக்கும் போகும். உன்னை நான் காலேஜுல வச்சிக்க முடியாது. உங்கப்பா உன்னைப் படிக்க வைக்கப் படுற பாடு உனக்குத் தெரியுமா?"ன்னாங்க. தெரியும்.

அப்புறம், "நான் ரவுண்ட்ஸ் வர்றேன்னு பயந்தா தள்ளினே?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க முகம் வெளுத்துப் போச்சு. நானா கதவைத் திறந்துக்கிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

எழுதுறேன், கிழிக்கிறேன். மெர்சிலின், "பைத்தியமாட்டி நீ? அதான் போய்ச் சொல்லிட்டியே, நம்பாதது அவிய பாடு"ன்னா. பேனாவைப் பிடுங்கி வச்சிக்கிட்டா. அப்புறம் அவளே குடுத்துட்டா.

எழுதி முடிச்சதைப் படிச்சுப் பார்த்தா, அவங்க ஏன் நம்பலைன்னு எனக்கே தெரியுது. ஒரு விஷயத்தை அன்னைக்கு வீட்டுலயும் சொல்லல, மேடம்ட்டயும் சொல்லல, இந்த நோட்டுலயும் எழுதல. உள்ளதை உள்ளபடி எழுதணும்னு வாங்கின நோட்டு.

டிசம்பர் 3, புதன்

காலேஜுக்கு லீவு சொல்லல. முதல் பஸ்ஸுலயே போனேன்.

பொன்னுத்தாயம்மா வாசல்ல துணி மூட்டை கட்டி வச்சிருந்தாங்க. பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புறாங்களாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு. "வா தாயி, வா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சந்திரவடிவம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் உள்ளேருந்து வந்தாங்க. நின்னுக்கிட்டே வாசிச்சேன். நான் எழுதினது இதுதான்:

'நவம்பர் 12ஆம் தேதி காலை நோயாளியின் உடம்பைத் துடைத்தபோது, மூக்கில் இருந்த குழாய் என் கவனக்குறைவால் இரண்டு சாண் நீளம் வெளியே வந்துவிட்டது. அதை நான் திரும்ப உள்ளே தள்ளினேன். சரியான இடத்துக்குப் போனதா என்று சோதிக்கவில்லை. யாரிடமும் தெரிவிக்கவும் இல்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர் மனைவி பொன்னுத்தாய், பால் ஊற்றும் முன் முறைப்படி சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஊற்றாமல் என்னைத் தேடி வார்டு வாசலுக்கு வந்தார். நான் வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு நின்றேன். "ஒண்ணும் வரலை சிஸ்டர், ஊத்தலாமா?" என்று கேட்டார். நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. "பிளாஸ்டர் மூக்கைத் தொடுதுல்ல? ஊத்துங்க" என்று சொன்னேன்.'

கீழ என் பேரு, அப்பா பேரு, காலேஜ் பேரு, கையெழுத்து.

சந்திரவடிவம்மா பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அவங்க வீட்டுக்காரரு, "ஏ, அப்ப இவ கேட்டிருக்கா"ன்னாரு மெதுவா.

பொன்னுத்தாயம்மா என் கையை விட்டுட்டாங்க. எதையோ தேடுற மாதிரி தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பினாங்க.

"கேட்டேன் மைனி"ன்னாங்க. "நான் கேட்டேன்லா இந்தப் பிள்ளட்ட. வாசல்ல வச்சு. நான் கேட்டேன்லா."

மூட்டை மேல உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. சந்திரவடிவம்மா போய் அவங்க பக்கத்துல தரையில உட்கார்ந்தாங்க. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பொன்னுத்தாயம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. இத்தனை நாள்ல அவங்க என்னை அப்படிப் பார்த்ததே இல்ல.

"நீ போ"ன்னாங்க.

வந்துட்டேன்.